மேசையில் போட்ட அம்புக்குறி

மத்திகிரி,
14-6-1993.

அன்புத் தம்பி ராமப்பனுக்கு, உன் அண்ணன் திம்மராயனோடு கூட்டாகப் பட்டறை நடத்தும் அழகர்சாமி எழுதுவது. உன் அம்மா பாப்பம்மா திடமாக இருக்கிறார். உங்கள் ஊர் வேப்பனப்பள்ளியில் மாங்காய் இறக்கி முடியப் போகிறது, இந்த வருஷம் காய்ப்பு சுமார்தான். இங்கே இரண்டு மழை அடித்ததில் பட்டறைக் கூரை ஒழுகி ஜன்னல் சட்டங்கள் நனைந்துவிட்டன. மஸ்கட் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. நீ அனுப்பிய மரம் இழைக்கும் ரவுட்டர் மெஷினுக்கு நாங்கள் மேசை செய்ததுபோல அங்கேயும் ஒரு ரவுட்டர் மேசை செய்யப் போவதாகவும், அண்ணனிடம் அளவு கேட்டு அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். மூன்று மாதமாக அண்ணன் தன் கையால் எழுதுவதில்லையே, என்மேல் கோபமா என்றும் கேட்டிருந்தாய். கோபமில்லை தம்பி. ‘வேலை அதிகம், அதனால் சாமியை விட்டு எழுதச் சொல்கிறேன்’ என்று அவன் பெயரில் நான் எழுதியதெல்லாம் பொய். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் நீ கேட்ட மேசையைச் சொல்லிவிட்டுத்தான் அதற்கு வர முடியும்.

மேல்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டிக்கொள், தொய்யாது. மேலே சன்மைக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் சதுரமாக வெட்டி ஓர் அலுமினியத் தகட்டைப் பதித்து, மெஷினைத் தலைகீழாக அதன் அடியில் திருகித் தொங்கவிடு. சுற்றி வெட்டுகிற கட்டர் மட்டும் மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதன் பின்னால் நேரான கட்டை ஒன்றைத் தடுப்பாக வைத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கு. கால்களுக்கு நாங்கள் சிப்காட் கம்பெனிகளில் கழித்துப் போட்ட பேக்கிங் பெட்டிக் கட்டைகளை வாங்கினோம். சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

இனி எழுதுவதை இரண்டு தடவை படி. ரவுட்டரைக் கையில் பிடித்து ஓட்டும்போது இடமிருந்து வலமாகத் தள்ளுகிறோம். அதையே தலைகீழாகத் தொங்கவிட்டால் கட்டர் சுற்றும் திசை மாறிவிடும். அப்போது மரத்தை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும். பழக்க தோஷத்தில் மாற்றித் தள்ளினால் கட்டர் மரத்தைப் பிடுங்கி எறியும். மரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும் கை நேராகக் கட்டர்மேல் போய் விழும்.

உன் அண்ணன் கை அப்படித்தான் விழுந்தது. மார்ச் பத்தாம் தேதி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன, மோதிர விரல் பாதிதான் மிச்சம். அவன் இடதுகைக்காரன் என்பது உனக்குத் தெரியும். போனது அந்தக் கைதான். "தம்பிக்கு எழுதிடாத சாமி, மிசினு அனுப்சதே தப்புன்னு நெனச்சிக்குவான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் சத்தியம் வாங்கினான். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு மீறுகிறேன்.

திசை மாறும் விஷயம் எனக்கு முன்பே தெரியும். மேசை செய்து முடித்தபோது உன் அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தான். ஆசையை அடக்க முடியாமல் நான் மட்டும் ஒரு துண்டுக் கட்டையை விட்டுப் பார்த்தேன். அது பிடுங்கிக்கொண்டு பறந்து சுவரில் காரையைப் பெயர்த்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததற்கே என் ஊரையும் சேர்த்து என்னை "விருதுநகர் இஞ்சினியரு" என்று கேலி பேசுகிறவன் அவன். கட்டை பறந்த கதையைச் சொன்னால் ஒரு மாதம் விடமாட்டான் என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை செய்யும்போது பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் திரும்பி வந்த அன்று நான் கதவு மாட்ட ஓசூருக்குப் போய்விட்டேன். அவன் எனக்காகக் காத்திருக்காமல் அந்த மேசையில் பீடிங் பட்டை இழைக்கத் தொடங்கிவிட்டான்.

இதோடு நிறுத்தியிருந்தால் முட்டாள்தனம் என்று சொல்லி அழலாம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மேசையைத் துடைத்துவிட்டு, சிவப்புப் பெயிண்டில் வலமிருந்து இடமாக ஓர் அம்புக்குறி போட்டேன். இனி யாருக்கும் ஆகக்கூடாது என்றுதான் போட்டேன், சத்தியம். மூன்றாம் நாள் உன் அண்ணி சென்னம்மா அவன் சட்டையை எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசா அம்பு போட்டுகீது, அதப் பாக்காம கைய உட்டுட்டாரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அது விபத்துக்குப் பிறகு நான் போட்ட அம்பு என்று சொல்லாமல், "கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்" என்று வேறு சொன்னேன். என் வாய்க்கு அது எப்படி வந்ததோ!

இப்போது அவன் ஊரில் மாந்தோப்புக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். பட்டறைப் பக்கம் வருவதில்லை. அண்ணி மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகிறார். அண்ணி அம்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து, நான் போகும்போதெல்லாம் உன் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்கிறான். "அந்த அம்பு எங்கண்ணுல எப்பிடிப் படாம போச்சு சாமி? எனக்கு அப்ப புத்தி எங்க போயிருந்துச்சு?" கண் டாக்டரிடம்கூடப் போய்வந்திருக்கிறான். கண்ணில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் கோளாறு புத்தியில்தான் என்று முடிவு கட்டி, யாரோடும் பேசுவதைக் குறைத்துவிட்டான். போன மாதம் உளிகளையெல்லாம் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

நீ அளவு கேட்டு எழுதாமல் இருந்தால் இன்னும் எத்தனை நாள் மூடிவைத்திருப்பேனோ தெரியாது. உனக்கும் திசையைச் சொல்லாமல் வெறும் அளவை அனுப்ப என்னால் முடியவில்லை. திசையைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேப்பனப்பள்ளிக்குப் போகிறேன். உன் கைக்கு இது கிடைக்கும்போது அவனிடம் சொல்லி முடித்திருப்பேன். என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு வருவேன். ஆனால், தன்னைத் தேற்றத்தான் நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்து அவன் நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வேன்? அவன் அப்படிப்பட்டவன். அந்த ஒன்றுதான் பயமாக இருக்கிறது. அதனால் நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் அப்படியே அவனுக்கு அனுப்பிவை. அன்றைக்கு அங்கே அம்பு இல்லை என்று நீயும் ஒரு வரி எழுது.

நீ பத்து விரலோடு ஊர் வந்து சேர வேண்டும் தம்பி. இப்போது நான் கும்பிடுகிற சாமியிடமெல்லாம் அதை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அழகர்சாமி.