வதனிக்கு ஒன்பது வயது

பங்குனி 3, திங்கள்

விடியும்போதே வெயில். உடுப்புக் கழுவும் நாள். எங்களுக்கு ஓய்வு திங்களில்தான். ஓய்வென்றால் பாவாடை துவைப்பது, அறை கூட்டுவது, வீட்டுக்கு எழுதுவது.

அம்மாவுக்கு எழுதினேன்: நல்லா இருக்கிறேன், கடல் பக்கத்திலேயே வீடு. அந்தக் கடலில் இறங்கக் கூடாது என்று மிஷனரிகளுக்குச் சட்டம் இருப்பதை எழுதவில்லை. தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்பது அவருக்கு முன்பே தெரியும். தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னை வளர்த்தவர். அது ஒன்றைத்தான் அவரால் இன்னும் நம்ப முடியவில்லை.

என் ஊழியச் சோடி சிஸ்டர் ரேயஸ் (இனி சி.ரே., கை வலிக்கிறது). பிலிப்பைன்ஸ்காரி. இன்றும் வயிற்றோட்டம். அதோடும் பாட்டு. தமிழில் கொஞ்சம் சொற்கள் தெரியும், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சோடியை விட்டுப் பிரியக் கூடாது என்பதும் சட்டம். ஆகையால் தனியாக இருக்கக் குளியலறை ஒன்றுதான். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அழுகிற சத்தம் கேட்காமலிருக்கப் பைப்பைத் திறந்துவிடுவேன். கீழ்வீட்டு பரீதா ராத்தா உடனே கத்துவார்: "ஆரு மேல தண்ணிய ஊத்துற? டேங்க் காஞ்சிரும் மகள்!" ராத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. எங்கள் வீட்டுக்காரி. வீட்டுக்குள் மதம் கதைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் அறை தந்தார். நாங்களும் முஸ்லிம்களிடம் பிரசங்கிப்பதில்லை, அது எங்கள் சபையின் விதி. அதனால் நல்ல ஒற்றுமை.

பின்னேரம் மிஷன் தலைவரின் போன். அன்பாகத்தான் பேசினார். அதுதான் கூடக் குத்தியது. நாங்கள் வந்த நாளிலிருந்து கல்முனையில் ஒரு ஞானஸ்நானம் இல்லை. மாத முடிவுக்குள் ஒருவராவது வராவிட்டால் இங்கே மூடிவிட்டு எங்களை வேறு ஊருக்கு மாற்றுவார்களாம். மூடுவதற்கு இதென்ன சில்லறைக் கடையா?

ஆண்டவரே, ஒருவர். ஒரே ஒருவர் போதும். நான் வந்தது வீண் இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். எத்தனை கதவு. எத்தனை "பொறகு வாங்க". மனசு காய்ந்து போய்விட்டது.

யோகம் அக்கா இருக்கிறார். அவர் மட்டும்தான்.

பங்குனி 4, செவ்வாய்

வெயில். விநாயகபுரத்துக்கு பஸ். அக்கரைப்பற்றில் இறங்கி மாறி ஏற வேண்டும். தெரு ஓரமெல்லாம் நெல் காய்கிறது, பஸ் அதன்மேலேயே போகிறது, டிரைவருக்கு யாரும் ஏசுவதுமில்லை.

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், ஜீவனி பக்கற் (சி.ரே. வயிற்றுக்கு), குடை. குடை மறந்தாயிற்று.

யோகம் அக்கா கருவாடு போடுகிறவர். தனி ஆள். சுனாமியில் ஒரே மகள் வதனி போனாள். உடலும் கிடைக்கவில்லை. புருஷன் பிறகு நெஞ்சுவலியில். போன மாதம் பஸ் நிலையத்தில், என் கையிலிருந்த படத்தைப் பார்த்து அவராகத்தான் கேட்டார். தாய், தகப்பன், பிள்ளைகள், எல்லோரும் வெள்ளை உடுப்பில் நிற்கும் படம். "இது எங்க எடுத்த புள்ள?" குடும்பம் சாவோடு முடிவதில்லை என்று சொன்னேன். படத்தை நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

முதல் நாள் தேத்தண்ணி வேண்டாம் என்றதற்கு முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "எங்கட வீட்டுல குடிக்க மாட்டீங்களா?" மீனவர் வீடு என்பதால் என்று நினைத்துவிட்டார். சட்டத்தைச் சொல்லிப் புரியவைக்கப் பெரும்பாடு. இப்போது எங்களைக் கண்டதும் இஞ்சி போட்டுச் சுடுதண்ணி வைக்கிறார். "சுடுதண்ணி குடிக்கிற சாமியாருகள்" என்று பக்கத்து வீட்டுக்கு அறிமுகம் செய்கிறார்.

இன்று பாடம் நடக்கவில்லை. கருவாடு புரட்டிக் கொடுத்தோம். கை நாற்றம் இன்னும் போகவில்லை. ஞானஸ்நானம் எடுப்பீர்களா என்று கேட்டேன். "ஓம். என்ட குஞ்சிட்ட போறதெண்டா எதுக்கும் ஓம்" என்றார்.

பஸ்ஸில் சி.ரே. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில். நானும்.

பங்குனி 6, வியாழன்

கடும் சூடு. நோன்பு மாதம், கடைத்தெரு பகலில் அடங்கிக் கிடக்கிறது. சந்தில் மறைந்து நின்று தண்ணீர் குடித்தேன், கள்ளி மாதிரி.

அருமையான பாடம் இன்று! எழுதி வைக்க வேண்டும். யோகம் அக்காவுக்கு எது ஆறுதல் என்று யோசித்து, சிறு பிள்ளைகளின் இறப்புப் பற்றிய பகுதியை முன்னுக்கு எடுத்தேன். எட்டு வயதுக்கு முன் இறக்கும் பிள்ளைக்குப் பாவமில்லை, ஞானஸ்நானமும் தேவையில்லை, நேரே தேவனிடம். சிரித்த முகத்தோடு, கண்ணைப் பார்த்து, "எனக்குத் தெரியும்" என்று முடிக்க வேண்டும் என்பது பயிற்சி. அப்படியே முடித்தேன்.

அக்கா கேட்டார், "எட்டுக்குப் பொறகு செத்தாக்கள்?"

அதையும் சொன்னேன். அவர்கள் ஆவி உலகத்தில் காத்திருப்பார்கள். பூமியில் ஒருவர் அவர்களுடைய பெயரில் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கும்வரை.

"எவ்வளவு காலம் காத்திருப்பாங்க?"

"செய்யும்வரை, அக்கா."

"ஓம்" என்றார். எழுந்து போய்க் கருவாட்டை மூடினார். மழை இல்லை, எதற்கு மூடினார் என்று அப்போது நினைத்தேன். களைப்பாக்கும்.

தலைவருக்குச் செய்தி அனுப்பினேன்: ஒருவர் தயார்.

பங்குனி 8, சனி

வெயிலா மழையா என்று கவனிக்கவில்லை.

போனோம். கதவு சாத்திக் கிடந்தது. கருவாடு போடும் இடம் வெறும் மணல். பைப்படியில் பக்கத்து வீட்டுப் பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். அக்கா எங்கே என்றோம்.

"உள்ளதான் கிடக்கா. ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்ல. நீங்க என்னத்தப் புள்ள சொன்ன நீங்க? வதனி, வதனி எண்டு பொலம்புறா."

வதனி என்ன வயது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"ஒம்பது. நாலாம் வகுப்பு. அடுத்த வருசம் ஸ்கொலசிப் சோதினை எழுத இருந்தவள். நல்ல கெட்டிக்காரி."

ஒன்பது.

குஞ்சு, குஞ்சு என்பாரே. தவழ்கிற குழந்தை என்றல்லவா நினைத்தேன். இங்கே பத்து வயதுப் பிள்ளையும் தாய்க்குக் குஞ்சுதான், இது தெரியாதா எனக்கு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் மகளுக்கு எத்தனை வயது அக்கா. எந்த மடைச்சியும் கேட்பாள். நான் கேட்கவில்லை. பாடம் முக்கியம், மாத முடிவு முக்கியம்.

கதவைத் தட்டினோம். உள்ளே ஆள் இருக்கும் சத்தம். திறக்கவில்லை. சி.ரே. வாசலில் முழங்காலிட்டாள். எனக்கு முழங்கால் மடங்கவில்லை.

பங்குனி 9, ஞாயிறு

புழுக்கம். ஆராதனைக்குச் சபையின் வாடகை அறையில் வழக்கமான ஐந்து பேர். யோகம் அக்காவுக்குப் போட்ட கதிரை காலியாகக் கிடந்தது. அப்பத் தட்டை அடுத்தவரிடம் கொடுக்காமல் நான் பிடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா "காய்ச்சலா?" என்றார். ஓம் என்றேன்.

நோன்பு திறக்கிற நேரம் பரீதா ராத்தா கஞ்சிக் கோப்பையோடு மேலே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் மதம் கதைக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை நான்தான் உடைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை செத்தால் உங்களில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"பருவத்துக்கு வராத புள்ள மகள். நேரா சொர்க்கந்தான். அதுல என்ன கேள்வி இரிக்கி? உம்மா வாப்பாவையும் கையப் புடிச்சிக் கூட்டிப் போகும்." பிறகு கோப்பையைத் தள்ளினார். "குடிங்க, ஆறிப் போகுது."

அவ்வளவுதான். அவருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது. கஞ்சி நல்ல ருசி. முழுக்கக் குடித்தேன், வெட்கமில்லாமல்.

பங்குனி 10, திங்கள்

உடுப்புக் கழுவவில்லை.

சி.ரே.யுடன் சண்டை. முதல் சண்டை. அவள் சொல்கிறாள்: நீ பொய் ஒன்றும் சொல்லவில்லையே, பாதியைத்தானே சொன்னாய். மீதியையும் சொல். காத்திருப்பது வேதனை இல்லை. தாயே ஞானஸ்நானம் எடுத்து, பிறகு ஒரு நாள் ஆலயத்துக்குப் போய், மகளின் பெயரிலும் எடுக்கலாம். இது நல்ல செய்தி அல்லவா?

எங்கள் சபையின் ஆலயம் இந்த நாட்டிலேயே இல்லை, கருவாடு விற்கிறவர் பிளேன் ஏறுவாரா என்று கத்தினேன். "தேவன் வழி செய்வார்" என்றாள். தமிழில். பிழையில்லாமல்.

தலைவருக்கு போன் எடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். கனிவாக. நம்பிக்கையைக் கொடுங்கள், சிஸ்டர்.

நானும் இதை நம்பித்தானே வந்தேன்? நம்பினேன். அப்பா செத்த வருடம் இந்த வசனங்கள்தான் என்னைத் தூக்கி நிறுத்தின. அப்பாவின் பெயரைக் கொடுத்து, யாரோ ஒருவர் தண்ணீரில் இறங்கினார் என்று கேட்டபோது எவ்வளவு நிம்மதி. அது எங்கே போனது? ஜெபிக்க வாயெடுத்தால் "ஒம்பது" என்றுதான் வருகிறது.

பங்குனி 11, செவ்வாய்

காற்று. கடல் இரைச்சல் வீதி வரை.

இன்று கதவைத் திறந்தார். தலை வாரவில்லை. சுடுதண்ணி வைக்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்தோம். மீதியைச் சொன்னேன், சி.ரே. தலையாட்டிக்கொண்டிருந்தாள். வதனிக்கு ஒரு குறையும் இல்லை, அவளுடைய பெயரில் ஞானஸ்நானம் செய்தால் போதும், எல்லாம் சரி.

"எப்பிடிச் செய்யிற?"

தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி எடுப்பது என்றேன். தலைமுடி வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்வார்கள். இதை ஏன் சொன்னேன்? வாய் பழகிய பாடம், தானாக ஓடியது.

அக்கா என்னைப் பார்த்த பார்வை.

"திருப்பித் தண்ணிக்குள்ளயா? என்ட புள்ள பேரச் சொல்லித் திருப்பித் தண்ணிக்குள்ளயா அமத்தப் போறீங்க?"

ஐயோ கடவுளே.

"ஒருக்காப் போதாதா அவளுக்கு? கையப் புடிச்சிருந்தன் நான். இந்தக் கையால. தலைமுடி கூட வெளிய தெரியல்ல புள்ள. முழுசாத்தான் போனவள். உங்கட கடவுளுக்கு அது காணாதா?"

சி.ரே.க்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எங்களை அடிக்கவில்லை, ஏசவில்லை. எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்கள் வெளியே வரும்வரை.

பங்குனி 12, புதன்

ஒன்றும் இல்லை. சாப்பிடவில்லை, விரதமும் இல்லை. தலைவர் இரண்டு தரம் போன் எடுத்தார், நான் தொடவில்லை. சி.ரே. பாடவில்லை.

பங்குனி 13, வியாழன்

தூறல், பிறகு வெயில்.

நாளை போகலாம் என்றாள் சி.ரே. இன்றே என்றேன். பஸ்ஸில் அவளிடம் சொன்னேன், நான் சொல்லப் போவது உனக்குப் பிடிக்காது, நீ மேலே அறிவிக்க வேண்டியிருக்கும், அறிவி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா வெளியில் இருந்தார். மறுபடி மீன் பிளந்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் கை நிற்கவில்லை.

"முந்தி வதனி செத்துப் போயிட்டாள் எண்டு அழுதன்" என்றார், மீனைப் பார்த்தே. "இருவது வருசம். அழுது அழுது ஒரு மாதிரி ஓஞ்சிட்டன். இப்ப என்னெண்டா, எங்கயோ தனியக் காத்துக்கிட்டு நிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு நான் கூட்டப் போகப் பிந்தினா நிப்பாளே, கேட்டடியில, அப்பிடி. இத நீங்கதான் கொண்டு வந்த நீங்க."

மணலில் அவர் முன்னால் உட்கார்ந்தேன். சொன்னேன். நான் சொன்னது பிழை, அக்கா. வதனி எங்கேயும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. அவளுக்குத் தண்ணீரும் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம். அன்றைக்கே கடவுளிடம் போய்விட்டாள். எட்டு, ஒன்பது என்று கடவுள் பார்க்கிறதில்லை. நான் படித்ததைப் பிழையாகச் சொல்லிவிட்டேன்.

பிழையாகப் படிக்கவில்லை நான். சரியாகத்தான் படித்தேன். ஆனால் இதைச் சொன்னபோது என் உடம்பில் ஒரு மயிர்க்காலும் பொய் என்று சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை, மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். பின்னால் சி.ரே. நின்றாள். "பிழை" அவளுக்குத் தெரிந்த சொல்.

யோகம் அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சீலையில் துடைத்தார். கிட்ட வந்து, உப்புக் கையால் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, கடையில் மீன் பார்க்கிறவர் போலப் பார்த்தார். இவ்வளவு நாளும் என்னை "நீங்க" என்று கூப்பிட்டவர், இப்போது நீ என்றார்.

"அண்டைக்கு நீ சிரிச்ச முகத்தோட சொன்னாய். தெரியும் எண்டு சொன்னாய். இண்டைக்கு அழுதழுது சொல்றாய். இதுல எத நான் நம்புற புள்ள?"