வெல்லம் தின்ற கிருமிகள்

ஆம்பூர்
12.3.2003

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இரக்கத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவர் சுகமாக வைக்கட்டும். போன வாரம் கம்பெனிக் கழிவுக் குட்டை ஓரம் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் இல்லை என்று சொல்லக் கூடாது. தோல் கம்பெனி மேனேஜர் சத்தியநாதன், சோதிக்க வந்த சர்க்கார் அதிகாரி, பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா, நான், அங்கே சூப்பர்வைசராக இருக்கும் உன் அண்ணன் நத்தானியேல்.

மேனேஜர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, இது நம்ம பிரிஸ்கில்லா படிக்கிற கிருமி, பினாயில் மாதிரி நாறுற விஷத்தையெல்லாம் தின்னுடும், இனிமே கிணத்துத் தண்ணியே குடிக்கலாம் என்றார். பொடியைக் கொட்டினார்கள், கிருமி கொழுக்கட்டும் என்று பின்னாலேயே மூட்டை மூட்டையாக வெல்லம். தோல் சவ்வும் மயிரும் மிதக்கிற தண்ணீரில் வெல்லம்! பூச்சிக்குப் பாயசம், நமக்குச் சாக்கடையா அக்கா, இன்னா பேஜாரு இது என்று அஜீஸுன்னிசா காறித் துப்பினாள். நாலு நாளில் நுரை பொங்கி ஈ மொய்த்தது. பாருங்க சார், வேல செய்யுது என்று மேனேஜர் காட்ட, திரும்ப வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளே, கிணறு கெட்டதற்காகக் கம்பெனி அனுப்பிவந்த குடிதண்ணீர் லாரி நின்றுவிட்டது. கிணறு அதே நாற்றம்தான். அஜீஸுன்னிசாவின் மருமகள் நிறைமாதம், அவளும் அதையேதான் மொள்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு நீ போனில் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. விஷத்தைத் தின்கிற வித்தை கிருமிக்குள் ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது, பக்கத்துக் கிருமிக்குக்கூட அதில் பிரதி கொடுக்கும், ஆனால் இனிப்பு கிடைத்தால் வித்தையை மூடிவைத்துவிட்டு இனிப்பைத்தான் தின்னும், அப்படியே பழகினால் வளையத்தையே தொலைத்துவிடும் என்றாய். கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அண்ணனும் ஸ்பீக்கரில் கேட்டான். அதுங்களும் நம்மள மாதிரிதான்னு சொல்லு என்று சிரித்தான். அந்தக் கையாலேயே வெல்ல மூட்டையைப் பிரித்துக் கொட்டினான். ஏன்டா என்றால், மேனேஜர் எதிர்ல நான் இன்னா பேசறது என்கிறான்.

இந்த வெல்லக் கதையை உன் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரிக்கு உடனே எழுது, லாரி திரும்ப வர வேண்டும், மறந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொள். கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார்.

உன் அம்மா,
கிரேஸி

பி.கு. சத்தியநாதனையும் அதிகாரியையும் ஜெபத்தில் மன்னித்துவிட்டேன், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கிருமியை என்ன சொல்வது, அதற்கு வாயில்லை. தெரிந்தும் கொட்டினான் என் வயிற்றில் பிறந்த நத்தானியேல். அவனை மன்னிக்க மாட்டேன்.