அந்தச் ‘சோதனை’யை அனுப்பியது யார்

இன்று காலை மேசை இழுப்பறைக்குள் உன் பழைய போன் அதிர்ந்தது. செயலியின் புதிய பதிப்பைச் சரிபார்க்க நான் அனுப்பிய அறிவிப்பு, கீறல் விழுந்த திரையில் வந்து நின்றது: ‘மோர்க்குழம்பு கொதிக்கிறது.’ வாசகம் நீ கொடுத்தது. இதுவரை அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நாம் இருவர் மட்டும் நடத்திய அலுவலகம். நிரல் எழுதுவது நான். ஊர் ஊராகப் போய்ச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுப்பது நீ. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று விசைத்தறிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லலாம் என்பது உன் யோசனை. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவனுக்குத்தான் அது தோன்றும். உறவு ஒன்றும் இல்லாமலே, தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல், என்னைப் ‘பாவா’ என்பாய். கம்ப்யூட்டரில் நீ உன் பெயரை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அறிவிப்புக்கு இரண்டு பாதை வைக்க வேண்டும். டெவலப்மென்ட் பாதையில் அனுப்பினால் நம் இருவர் போனுக்கு மட்டும் போகும். புரொடக்‌ஷனில் அனுப்பினால் எல்லோருக்கும் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, கடவுச்சொல் மாதிரி ஒரு குறியீடு. நானோ அவசரக்காரன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரே சாவியை இரண்டு இடத்திலும் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, நம் போனுக்குத்தானே என்ற நினைப்பில், ‘சோதனை’ என்று ஒற்றை வார்த்தை அடித்து அனுப்பினேன்.

அது எல்லோருக்கும் போய்விட்டது. எனக்குச் சோதனை என்றால் சரிபார்ப்பது. தறிக்காரருக்குச் சோதனை என்றால் ஜீப்பில் அதிகாரி வருவது. கரண்டைப் பற்றியே பேசுகிற செயலி அப்படிச் சொன்னால் வேறு என்ன நினைப்பார்கள்? தப்பே செய்யாதவருக்கும் அதிகாரி என்றால் பயம்தான்.

உன் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். “பாவா, நாலு தெருவுல தறிய நிறுத்திட்டு, கதவ சாத்திகினு உக்காந்துகினு இருக்காங்களாம்.”

“மன்னிப்பு கேட்டு இன்னொரு மெசேஜ் போட்டுடட்டுமா?”

“இப்ப அதுல எது வந்தாலும் பயப்புடுவாங்க. நேர்ல போலாம், வா.”

அவர்கள் செயலியை அழித்துவிட்டால் நம் உழைப்பு போச்சு. அதைவிட, உன்னை நம்பித்தான் அதைப் போனில் ஏற்றியிருந்தார்கள். சொந்த ஊரிலேயே உன் பேச்சு எடுபடாமல் போகும்.

வீடு வீடாகக் கதவைத் தட்டினாய். “யாரும் வரலைங்க. நான்தாங்க தெரியாம அனுப்பிட்டேன். தறிய ஓட்டுங்க.” அனுப்பிய நான் உன் பின்னால் ஹெல்மெட்டும் கையுமாக நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு பெரியவர் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். “பாதி சேலைல நிறுத்துனா கோடு வுழும்னு தெரியாதா ஒனக்கு? தறிக்காரன் வூட்லதான பொறந்த?”

“ஆங், தெரியும்ங்க. தப்புதாங்க.”

திரும்பும் வழியில் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “சாவிய மட்டும் பிரிச்சிடு பாவா. வூட்ல பேசறது வேற, ஊர்ல பேசறது வேற” என்றாய். அப்புறம் கொஞ்ச தூரம் போனதும் நீயே சிரித்தாய். “அந்த வார்த்தையே வேணாம். மோர்க்குழம்பு கொதிக்குதுன்னு போடு. தப்பி வெளிய போனாலும் எவனும் தறிய நிறுத்த மாட்டான்.” அன்றே இரண்டு சாவியையும் பிரித்தேன்.

போன மாசியில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் காரியத்துக்கு வந்தவர்கள், “சோதனை அனுப்பிச்சி ஊரையே கலக்குனானே” என்று சொல்லி அழுதார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், அதை அனுப்பியது நான் என்றேன்.

அவர் தறியைக்கூட நிறுத்தவில்லை. “அன்னிக்கே தெரியும்ங்க. அவனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில ஒரு எழுத்து தட்ட வராதுன்னு ஊருக்கே தெரியுமே. ஹெல்மெட்ட புடிச்சிகினு நின்ன உங்க மூஞ்சியும் சொல்லிச்சி. அடுத்தவன் தப்ப தன்மேல போட்டுகினு ஒருத்தன் வாசப்படி ஏறி வரான். அவன் குடுத்தத எப்பிடிங்க அழிக்கறது?”

உன் அளவுக்கு எனக்கு மனசு பெரிதில்லை. அடுத்தவர் தப்பை என் தலையில் போட்டுக்கொள்ள இன்னும் வரவில்லை. என் தப்பை மட்டும் வாசற்படி ஏறிப்போய்ச் சொல்கிறேன்.