பேட்டரி தீரும் முன்

போன திங்கட்கிழமை உன் சிந்தசைசரைப் போட்டதும், பேட்டரி தீரப் போகிறது என்று அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. நீ செய்து வைத்த சத்தமெல்லாம் உள்ளே இருக்கும் அந்தப் பொட்டு பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. அப்பாவின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று உன் மகள் வேறு வருவதாக இருந்தாள். செங்கல்பட்டில் ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்று அவர் கைவிரித்துவிட்டார்.

மாமல்லபுரத்து லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பெட்டி இது. தொண்ணூறுகளில் மற்ற கச்சேரிக் கோஷ்டிக்காரர்கள் பொத்தானை அமுக்கி ஷெனாய், வயலின் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு அது ஆகாது. புதுப்பட்டினத்தில் உன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குமிழாகத் திருகுவாய். ஒன்று சத்தத்தின் கூர்மையைச் சீவும், இன்னொன்று அதை நடுங்க வைக்கும். கொசு மாதிரி கத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஆள் அழுவது போல ஆகும். தபேலாவை ஓரங்கட்டிவிட்டு நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எது எவ்வளவு என்று குறித்து வையேன் என்றால் சிரிப்பாய்.

"நம்பர இன்னாத்துக்கு பாக்குற மச்சான்? காதுல கேளு, கை தானா நிக்கும்."

என் கை நிற்கவில்லையே, பாவி. அன்றிலிருந்து மூன்று நாள் உன் சத்தத்தை ஒரு தடவை கேட்பேன், பிறகு பெட்டியில் சத்தத்தைச் சேமிக்கும் வேறொரு எண்ணில் அதை முதலிலிருந்து செய்து பார்ப்பேன். எந்தக் குமிழை நீ எங்கே நிறுத்தினாய் என்று பெட்டி காட்டாது. கிட்டே வரும், நழுவிவிடும். காமாலையில் நீ கிடந்தபோது ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேனே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை உன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீ போனபோது கைக்குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நீ செய்த சத்தத்திலேயே, திருவிழாக் கச்சேரிகளை நீ முடிக்கும் அந்த மெட்டை வாசித்தேன். உன் மனைவி பாதியிலேயே தலையை ஆட்டினாள்.

"இது இல்லண்ணா. உன் இடது கை சும்மா கீது பாரு. அவரு வாசிக்கசொல்ல அந்த ஓரத்து குமிழ திருப்பிகினே இருப்பாரு."

எத்தனை மேடையில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்தேனே தவிர உன் இடது கையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்த அவள் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் இந்தப் பெட்டியில் இருந்தது பாதி நீதான். மீதி நீ போன அன்றே போய்விட்டது. அது தெரியாமல் இத்தனை வருஷம் இதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

நேற்று அந்தப் பாதியும் போனது. எல்லா எண்ணிலும் ஒரே இரைச்சல். அதற்கு முன் உன் சத்தத்தை நான் கேசட்டில் பிடித்து வைத்ததில் என் வாசிப்புதான் இருக்கிறது, உன்னுடையது இல்லை. காலையிலிருந்து அந்த இரைச்சலிலிருந்தே ஒரு சத்தத்தைத் திருகி எடுத்து, வலது கையால் வாசித்து இடது கையால் அந்த ஓரத்துக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான், அதுவும் உன் மனைவி சொல்லி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் மறுபடியும் வருகிறாள். நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, இதுதான் அப்பாவா என்று கேட்பாள். ஆமாம் என்றுதான் சொல்லப் போகிறேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை, மச்சான்.