மஞ்சள் போடாத குளியல்

மார்ச் 3, ஞாயிறு

மயிலாப்பூர் வீடு வந்து சேர்ந்தோம். பிறந்து மூன்றே நாளான மகாராணி, அவள் அம்மா ஹம்சினி, நெற்றியில் புடைப்போடு நான். காலையில் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அழுதது அவள், மயங்கி விழுந்தது நான். காமாலை குறைவுதானாம், செவ்வாயன்று கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். மறுபடியும் குத்துவார்களா? கேட்க தைரியம் வரவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

குழந்தை மஞ்சளாகத்தான் தெரிகிறாள். எல்லாம் குளிப்பாட்ட வரும் தேசம்மாவின் கைவரிசை! "மஞ்சளைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க தேசம்மா, சாம்பார் வாசனை வருது" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். "வெறும் குளியல் மஞ்சள், டாக்டர்ட்ட நாளைக்குப் போலாம்" என்று ஹம்சினியிடம் சொன்னேன். பாவம், நம்பிவிட்டாள்.

மார்ச் 6, புதன்

குளிப்பாட்டி முடித்ததும் தேசம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, நேத்து நீ கிண்டல் பண்றேன்னு நெனச்சேன், நெஜமாவே சொன்னியா? டாக்டரம்மா வேணாம்னாங்கன்னு மொத நாள்லேர்ந்தே வெறும் தண்ணிதான் ஊத்தறேன். மஞ்சா நெஞ்சு வரைக்கும் எறங்கிக்கினு கீது. கண்ணுலயும் கீது பாரு. கண்ணுக்குமா நான் மஞ்சா தேய்ச்சேன்?"

அடுத்த நிமிஷம் ஆட்டோவில்.

நர்ஸ் எஸ்தர் கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். பளிச்சென்று ஒரு வெளிச்சம், காமாலை எவ்வளவு என்று எண் வந்துவிட்டது. ஊசியே இல்லை! இதற்கா ஒரு நாள் ஒளிந்துகொண்டிருந்தேன்?

எண் பதினேழு.

"இவ்ளோ காட்டினா ரத்தத்துலயும் பார்த்தே ஆகணும் சார். நீங்க வெளியில உக்காருங்க."

உட்காரவில்லை. குதிகாலை நானே பிடித்துக்கொண்டேன். ஐயோ, என்ன அழுகை! நேத்தே வந்திருக்கலாமேடா மடையா. உன் பயத்துக்கு அவளா கெடைச்சா?

மார்ச் 7, வியாழன்

ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். காமாலையைக் குறைக்கும் நீல வெளிச்சத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கடற்கரைக்கு வந்த வெளிநாட்டுக்காரி மாதிரி தூங்குகிறாள். ஹம்சினி என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

மார்ச் 8, வெள்ளி

ரத்தத்தில் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மாலையில் வீடு. ஹம்சினி பேசினாள்: "அந்தத் துணியை எடு."

மார்ச் 11, திங்கள்

மறு பரிசோதனை. கருவி மட்டும் போதும் என்றார் எஸ்தர். எட்டு! நான் மறுபடி மயங்கி விழுவேனோ என்பதுபோல நாற்காலியை என் பக்கம் தள்ளினார், குறும்புக்காரி.

வீட்டில் தேசம்மா வெந்நீரோடு காத்திருந்தார். "நைனா, இன்னிக்கு மஞ்சா போடட்டா? சாம்பாருக்கு ஆவும்."

ஹம்சினி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், யாரும் கவனிக்காதபோது, குழந்தையின் கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.