வேறு வைத்த சிறுநீரகம்

காரைக்குடி

அன்புள்ள சாலாவுக்கு,

நலம். உன் சிறுநீரகமும் நலம். அதை எனக்குப் பொருத்தி ஐந்து மாதமாகிறது. நீ ஒக்கூரில் உன் பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது.

நேற்று மதுரை டாக்டர் படம் காட்டி விளக்கினார். என் பழைய இரண்டையும் எடுக்கவில்லையாம். உன்னுடையதை வலப்பக்கம், கீழே, தனியாக வைத்திருக்கிறாராம். நம் வீடுகளில் கல்யாணமானவர்களுக்குத் தனி அடுப்புக் கொடுத்து வேறு வைப்பது போலத்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுகொண்டால் வெளியே தள்ளப் பார்க்குமாம். அதைத் தடுக்கத்தான் இரண்டு வேளையும் மாத்திரை.

"போட்டாச்சா?" என்று கேட்க ஆளில்லை. சமையலறைப் பக்கம் பார்த்து "போட்டாச்சு" என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்று நலம் விசாரிக்க வந்த பங்காளிகளிடம், "யாரோ புண்ணியவான் கொடுத்தது" என்றேன். மனைவியிடம் வாங்கினேன் என்று சொல்ல வெட்கம். காப்பித் தட்டோடு நின்ற நீ, அவர்கள் போனதும், "அந்தப் புண்ணியவான் ஒக்கூருக்குப் போறாரு. இனி நீங்க சுகமா இருப்பீக" என்றாய்.

இன்று அதே பங்காளிகள் கூடிய கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, "கொடுத்தது சாலா" என்று சொல்லிவிட்டேன். காசி அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது ஊருக்கே தெரியும்ப்பா. சாலா எங்குட்டு இருக்கா?"

கூட்டம் முடியுமுன்பே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒக்கூர் வருகிறேன். எனக்காக வேண்டாம், உன் சிறுநீரகத்துக்காகவாவது கதவைத் திற.

இப்படிக்கு,
உன் இடப்பக்கத்தைத் தன் வலப்பக்கத்தில் வைத்திருப்பவன்