எல்லோரும் தீனி போட்ட தொட்டி

இன்று காலை உன் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஊசிப்போன இறால் வாடை. மட்டாஞ்சேரியில் நம் தெருவுக்கென்று இருக்கும் சுக்கு வாடையையும் மீறி அடித்தது. கல் இடுக்குகளிலிருந்து முள்புழுக்கள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. நீ இருந்தவரை பகலில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நீ போன அன்று நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி கஞ்சி கொண்டுவந்தார். எனக்கு இறங்கவில்லை. உன் மீன்களோ வயிறு முட்டத் தின்றன. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் தொட்டி முன்னால் நின்று, "ஐயோ பாவம், இதுங்க பட்டினி கிடக்குதே" என்று ஆளுக்கொரு கிள்ளு தீனி போட்டார்கள். கண்ணாடியருகே யார் வந்தாலும் அந்தக் கோமாளி மீன்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும், வெட்கங்கெட்டவை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. அதன் பிறகும் வருகிறவர்கள் போடுவது நிற்கவில்லை. மிஞ்சியதைத் தின்று புழுக்கள் பெருகிவிட்டன.

காக்கநாட்டிலிருந்து நம் மகள் போன் செய்தாள். "மருந்து ஊத்தி புழுவை மொத்தமாக் கொல்லுங்கப்பா. இல்லேன்னா தொட்டியை யாருக்காச்சும் கொடுத்துடலாம்." மருந்தும் வாங்கிவிட்டேன். இந்த வீட்டில் நீ வளர்த்ததில் இனி மிச்சம் இந்தத் தொட்டி ஒன்றுதான். அதிலும் மருந்தை ஊற்றிக் கொல்லப் பார்த்தேன்.

முன்பொருமுறை நீ கல்லைக் கழுவும்போது ஒரு புழுவைப் பார்த்து அலறினேனே, அது ஞாபகம் வந்தது. அப்படிச் சிரித்தாய். "அட, இதுக்கா? அது மிச்சம் மீதியைத் தின்னுட்டு ஓரமாக் கிடக்குது. மொத்தமாச் செத்தா தண்ணி கெட்டு மீனும் போயிடும். தீனியைக் குறைச்சா போதும், தானா அடங்கும்" என்றாய்.

மருந்தைத் திறக்காமலே வைத்துவிட்டேன். உன்னைப் போலவே ஒரு பைப் துண்டுக்குள் இறாலை வைத்துப் பொறியாக இறக்கினேன். ஏறிய புழுக்களை வெளியே எடுத்தேன், மற்றதை விட்டுவிட்டேன். கையுறை போட மறந்துபோய், விரலில் புழுவின் முள் ஏறிவிட்டது.

சற்று நேரத்தில் சேச்சி புட்டு கொண்டுவந்தார். "சேட்டா, மீனுக்குக் கொடுத்தோ?" என்று கேட்டபடியே தீனி டப்பாவை எடுத்தார்.

"போதும் சேச்சி! இனிமே யாரும் போட வேண்டாம்." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

டப்பாவைக் கீழே வைத்தார். "சரி. சேட்டன் சாப்பிட்டோ?"

அவர் போன பிறகு புட்டைப் பிசைந்து தின்றேன். ருசி தெரியவில்லை. விரல் மட்டும் எரிந்தது.

முள்ளை இன்னும் எடுக்கவில்லை. டேப் ஒட்டி இழுத்தால் வந்துவிடும், தெரியும். "அசையாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்ள நீ இல்லையே.